குழந்தைகளுக்கு இலவசக் கதைப்புத்தகம்: உதவிக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, அந்தியூர், திருப்பூர் பக்கம் குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில் நானும் இருக்கிறேன். புத்தகம் திரட்டுவது, தரம் பிரிப்பது, சுமந்து போவது, வாசித்துக் காட்டுவது என்று முக்கால்வாசி வேலையைச் செய்வது ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள்தான். புதிதாகச் சேர வருகிறவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாக்களும், ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

"புத்தகம் குடுக்கறதுன்னா என்ன பண்ணோணுங்க? கொண்டுபோய் நீட்டிட்டு வந்தா முடிஞ்சுதுங்களா?"

நீட்டிவிட்டு வருவது இந்த வேலையில் ரொம்பச் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு வாங்க வேண்டும், நல்லது கெட்டது பிரிக்க வேண்டும், கிழிசலை ஒட்ட வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டு வாரம் கழித்து அதே குழந்தையிடம் போய், "அந்தக் கொரங்கு கடைசில என்ன கண்ணு பண்ணுச்சு?" என்று கேட்க வேண்டும்.

அந்த இரண்டாவது நடையைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். ஒரு தடவை மட்டும் போய்க் கொடுத்த வீடுகளில் புத்தகம் பரண்மேல் ஏறிவிடுகிறது. மறுபடி ஒரு அக்கா வருவாள், கதை கேட்பாள் என்று தெரிந்த வீட்டில் அதைப் பிரிக்கிறார்கள். அதனால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறேன் என்கிறவர்களைப் புத்தகம் பிரிக்கும் வேலைக்கு மட்டும் அழைக்கிறோம். குழந்தைகளிடம் அனுப்புவதில்லை.

"கவர்மெண்டே பள்ளிக்கூடத்துல புத்தகமெல்லாம் சும்மா குடுக்குதே. அப்புறம் நீங்க எதுக்குக் குடுக்கறீங்க?"

அரசு கொடுப்பது உண்மை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பாடப்புத்தகம் இலவசம். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் வருகின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப்புத்தகங்கள் போட்டார்கள். நல்ல புத்தகங்கள். அவற்றோடு நாங்கள் போட்டி போடவில்லை.

அவை இருக்குமிடம் பள்ளிக்கூடம். சாயங்காலம் நாலரைக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை, மே மாதம் முழுக்க, குழந்தை வீட்டில் இருக்கும் நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் பாடப்புத்தகத்தைத் தவிர அச்சடித்த பொருள் என்றால் தினசரிக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும்தான். பள்ளியில் இன்னும் சேராத மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவும் கிடையாது. நாங்கள் போவது அந்த நேரத்துக்கும் அந்த வயதுக்கும்.

"எத்தனை வயசு இருந்தாச் சேந்துக்கலாம்?"

பதின்மூன்று முடிந்திருந்தால் வரலாம். அப்பாவோ அம்மாவோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், கூடவே அவர்களிடம் நேரில் ஒரு பேச்சு. பதினைந்து வரைக்கும் புத்தகம் பிரிப்பதும் ஒட்டுவதும், பக்கத்து ஊர்களுக்குப் போவதும். மலைப்பக்கம் போவதற்குப் பதினாறு ஆகியிருக்க வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் குழுவின் பெரியவர் ஒருவர் கூட வருவார்.

"என்ற பையன் பத்தாவது போறானுங்க. ஞாயித்துக்கெழமையும் இப்படிச் சுத்துனா மார்க்கு கொறஞ்சு போயிராதுங்களா?"

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மூன்று மணி நேரம். அதற்கு மேல் கேட்பதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பொங்கல் கழிந்ததிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை நாங்களே வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் வந்தால் போதும். அப்போதுதான் சின்னக் குழந்தைகளுக்கும் லீவு, எங்களுக்கும் ஆள் அதிகமாக வேண்டியிருக்கும்.

மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். பத்துக் குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து கதையைச் சத்தமாக வாசித்துப் பழகிய பையனுக்கு, வகுப்பில் எழுந்து நின்று பேசுவதில் இருக்கும் பயம் போய்விடுகிறது.

"பொட்டப்புள்ளையத் தனியா அனுப்பறதுக்கு மனசு வரமாட்டீங்குதுங்க."

அனுப்பவே வேண்டாங்க. தனியாக யாரும் போவதில்லை, பையன்களும்கூட. இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து, கூட ஒரு பெரியவரோடு, பகல் வெளிச்சத்தில்தான் போக்குவரத்து. ஐந்து மணிக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. யார் வீட்டுக்குள்ளும் போய் உட்காரக் கூடாது. திண்ணை, கோயில் முன்வாசல், பள்ளி மைதானம், மரத்தடி என்று நாலு பேர் பார்வையில் இருக்கும் இடத்தில்தான் வாசிப்பு. செல்போன் நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது; கேட்பவர்களுக்குக் குழுவின் நம்பர் இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-இல் வந்த ஏற்பாடு எங்களுக்குப் பெரிய உதவி. அம்மாவும் கூடவே வருகிறேன் என்றால் வரட்டும். அப்படி வேவு பார்க்க வந்த அம்மாக்களில் சிலர் இப்போது மகளைவிட நன்றாகக் கதை சொல்கிறார்கள்.

"புத்தகத்துக்கு எங்கீங்க போறது?"

நாலைந்து வழி இருக்கிறது. முதல் வழி, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகள். கோவையிலும் திருப்பூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கத் தலைவரிடம் கேட்டு, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினால் போதும், பெட்டி பெட்டியாக வரும். இரண்டாவது, பழைய பேப்பர் கடை. எடைக்கு வந்த சிறுவர் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரர் கொடுத்த எடை விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது, புத்தகத் திருவிழா. 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். கோவை கொடிசியா வளாகத்தில் ஜூலை மாதம் நடக்கும். கடைசி நாளன்று அரங்குகளில் போய்ப் பணிவாகக் கேட்டால், அட்டை மடங்கிய பிரதிகளைச் சில பதிப்பகத்தார் நல்ல தள்ளுபடியில் தருவார்கள், சிலர் சும்மாவே கொடுப்பார்கள். மீதியை நன்கொடைப் பணத்தில் புதிதாக வாங்குகிறோம். மத்திய அரசின் பதிப்பகமான நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு, படமும் நன்றாக இருக்கும்.

வெளியூரிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றுபோனது. 2025 மே மாதத்திலிருந்து அஞ்சலகத்தில் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கூரியரில் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

"எங்கூட்ல பழைய புத்தகம் ஏகப்பட்டது கெடக்குதுங்க. எல்லாத்தையும் ஏத்தி உட்டுட்டுங்களா?"

தயவுசெய்து வேண்டாங்க. வீட்டை ஒழிக்கும்போது கிடைப்பதையெல்லாம் கட்டி அனுப்பினால், அதைப் பிரிப்பதிலேயே பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. பழைய பாடப்புத்தகம் வேண்டாம். 2018-19 கல்வியாண்டிலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது. கைடு, வினா வங்கி, நீட் புத்தகம், சமையல் குறிப்பு, ஜோசியம், வார இதழ் எதுவும் வேண்டாம். எந்த மதத்துப் பிரசாரப் புத்தகமும், எந்தக் கட்சிப் புத்தகமும் வேண்டாம். பாதி எழுதிய படம் வரையும் நோட்டும் வேண்டாம். இன்னொரு குழந்தை கலர் அடித்து முடித்த பக்கத்தை ஒரு குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்க எனக்கு மனம் வராது.

உங்கள் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு இதைக் கொடுப்பீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பேன் என்றால் எங்களுக்கும் கொடுங்கள்.

"நனஞ்சது, கிழிஞ்சதெல்லாம் தூக்கி எறிஞ்சர்றதுங்களா?"

எறிய வேண்டியது கொஞ்சம்தான். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்கக் கூடாது, தாள் அலையலையாக நெளிந்துவிடும். நிமிர்த்தி, விசிறி மாதிரி பக்கங்களை விரித்து, காற்றாடிக்குக் கீழே நிற்க வைக்க வேண்டும். ஓரளவு காய்ந்ததும் நாலு பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு செருகி, மேலே கனமாக எதையாவது ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் படிந்துவிடும். பூஞ்சைக் கறுப்பு ஏறியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், சின்னக் குழந்தைக்கு அது இருமலைக் கொடுக்கும்.

கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டு கோடை போனால் டேப் மஞ்சளாகிக் கழன்றுவிடும், பசை மட்டும் பக்கத்தில் நிற்கும். மைதாப் பசையும் வேண்டாம், ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். மெல்லிய வெள்ளைத் தாளை நாடாவாகக் கிழித்து (கத்தரிக்காமல் கையால் கிழித்தால்தான் ஓரம் பக்கத்தோடு பக்கமாகப் படியும்), கொஞ்சம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி ஒட்ட வேண்டும். ஸ்டேப்ளர் பின் கழன்ற புத்தகத்தைக் கோணி ஊசியும் நூலும் கொண்டு நடுமடிப்பில் மூன்று ஓட்டை போட்டுத் தைக்கலாம். மறுபடி ஸ்டேப்ளர் பின் அடித்தால் துருப்பிடித்துக் குழந்தையின் விரலைக் கிழிக்கும். திருப்பூர்ப் பிள்ளைகள் கட்பீஸ் துணியில் அட்டைக்கு முதுகு வைத்துத் தைக்கிறார்கள், பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கிறது.

"எந்தக் கொழந்தைக்கு எந்தப் புத்தகம்னு எப்படிங்க்கா கண்டுபுடிக்கறது?"

வகுப்பை வைத்து முடிவு செய்யாதே கண்ணு. ஆறாவது படிக்கும் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் திணறலாம், மூன்றாவது படிப்பவள் பெரிய புத்தகத்தை மடமடவென்று வாசிக்கலாம். வகுப்பைக் கேட்டு அதற்கேற்ற புத்தகத்தைக் கொடுத்தால், திணறுகிற பிள்ளை எல்லோர் முன்னாலும் கூச்சப்பட்டுப் போவான்.

ஐந்து விரல் கணக்கு ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல். தடுக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் உன் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை மடக்கு. ஐந்தும் மடங்கினால் புத்தகம் கனம், ஒன்றும் மடங்காவிட்டால் லேசு, இரண்டு மூன்று என்றால் சரியாக இருக்கும். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற பிரிவையே நாங்களும் எங்கள் பெட்டிகளுக்கு வைத்துக்கொண்டோம். பள்ளியில் கேட்ட பெயர் என்பதால் குழந்தைகளுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் உனக்கு ஒரு அடையாளம் காட்டுவதற்குத்தான். கடைசியில் எடுப்பது குழந்தையின் கை. பாயில் பரப்பி வைத்துவிட்டு நீ தள்ளி நில். தனக்குக் கனமான புத்தகத்தை டைனோசர் படத்துக்காகவே ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டால், கொடுத்துவிடு. கூடவே லேசான ஒன்றையும் கொடு.

"படிக்கவே தெரியாத கொழந்தைக்குப் புத்தகம் குடுத்து என்னங்க பிரயோசனம்?"

அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிறகு புத்தகம் என்று காத்திருந்தால், புத்தகம் என்றாலே பரீட்சை என்று மனதில் பதிந்துவிடும். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. அம்மாவோ, ஆத்தாவோ அப்பிச்சியோ (பாட்டியோ தாத்தாவோ) எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களாக இருந்தாலும், படத்தைப் பார்த்துத் தங்கள் வாயால் கதை கட்டலாம். நம் ஊர் ஆத்தாக்களுக்குக் கதை கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசித்துக் காட்டுவதற்கு நாங்கள் பழக்கும் முறை இதுதான். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடி, நீ பக்கவாட்டில் பார்த்து வாசி. அட்டையைக் காட்டி, "இதுல என்ன நடக்கும்னு நெனைக்கறீங்க?" என்று கேள். ஒரு வரி வாசித்ததும் விரலால் படத்தைத் தொடு. பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்து. அந்த நிறுத்தத்தில்தான் குழந்தைகள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். புத்தகத் தமிழில் ஒரு சொல் புரியாவிட்டால் ஊர்ப் பேச்சில் ஒரு தடவை சொல்லிவிட்டு, புத்தகத்தில் இருப்பதையும் வாசி. "இந்தக் கதையில் இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்காதே. கேட்டதும் முகங்கள் வகுப்பறை முகமாக மாறிவிடும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் மாதிரி இடங்களில் தறிச்சத்தம் பெரிய தொந்தரவு. அந்தக் குழந்தைகள் சத்தத்தோடேயே வளர்ந்தவர்கள், உரக்கத்தான் பேசுவார்கள். அதட்டாதே. தறிக்கூடத்திலிருந்து தள்ளி ஒரு கோயில் திண்ணையாகப் பார்த்து உட்கார்.

"எந்தெந்த எடத்துக்குப் போறீங்க? பள்ளிக்கூடத்துக்குள்ள உடுவாங்களா?"

பள்ளிக்குள் போவதானால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், புத்தகப் பட்டியலையும் காட்ட வேண்டும். அங்கன்வாடிக்கும் அப்படியே. நாங்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே போகிறோம். தறி லைன் வீடுகள், பனியன் கம்பெனித் தொழிலாளர் குடியிருப்பு, தோட்டத்துச் சாளைகள் (தோட்டத்திலேயே இருக்கும் வீடுகள்), செங்கல் சூளை, மலையூர்கள்.

சூளைக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை முடிந்து வேலை தொடங்கும்போது வருகிற குடும்பம் அடுத்த மழைக்கு முன்னால் ஊர் திரும்பிவிடும். இடையில் பள்ளி விட்டுப்போன பிள்ளைகள் நிறைய. பலர் பெற்றோரிடம் "டி.சி. இல்லை, வருஷ நடுவில் சேர்க்க மாட்டார்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தையை, மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்பதற்காகவோ, தேதி கடந்துவிட்டது என்பதற்காகவோ அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. புத்தகம் கொடுக்கப் போன பிள்ளைகள் இந்த ஒரு தகவலைச் சொல்லி, மறுநாள் குழுவின் பெரியவர் கூடப் போய்ச் சேர்த்துவிட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.

மலைக்குப் போவது நினைத்த மாத்திரத்தில் முடியாது. தாளவாடி போக பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், வழி முழுக்கப் புலிகள் காப்பகம். காட்டுக்குள் இருக்கும் ஊர் என்றால் வனத்துறையின் அனுமதி முதலில். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்குக் கீழேயே வேலை இருக்கிறது.

"தாளவாடில கன்னடம் பேசறாங்க, திருப்பூர்ல பாதிப்பேரு இந்திக்காரங்க. தமிழ்ப் புத்தகத்த வெச்சு அந்தக் கொழந்தைக என்ன பண்ணும்?"

தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய. தாளவாடிப் பக்கம் கன்னட வழிப் பள்ளிகளும் உண்டு. அதனால் முதலில் கேட்க வேண்டியது, குழந்தை பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறது, ஆத்தாவிடம் எந்த மொழியில் பேசுகிறது என்பது. இரண்டுக்கும் ஒவ்வொரு புத்தகம் கொடுக்க முடிந்தால் மிகவும் நல்லது.

பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா, வங்காளம் என்று பல மொழிகளில் இருக்கிறது. திருப்பூரில் ஒடியா பேசும் குழந்தைக்கும் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குழந்தைக்கும் ஒரே கதையை அவரவர் மொழியில் கொடுத்தோம். படம் ஒன்று, எழுத்து வேறு. ஒருவர் புத்தகத்தை ஒருவர் வாங்கிப் பார்த்து, யானைக்கு உங்க மொழியில் என்ன, மழைக்கு என்ன என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். எழுத்தில்லாப் படப்புத்தகத்தைப் பற்றி மேலே சொன்னேன், அது இங்கே இன்னும் அதிகம் உதவும்.

"நெட்ல பி.டி.எஃப். கெடக்குதே. எறக்கிப் பிரிண்ட் போட்டுக் குடுத்தாச் செலவு கம்மிதானுங்களே?"

எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை பதிப்புரிமை இருக்கிறது. வாட்ஸப்பில் வந்தது என்பதால் உரிமை போய்விடாது. சிறுவர் புத்தகம் எழுதுபவருக்கும் படம் வரைபவருக்கும் கிடைக்கும் வருமானம் ரொம்பச் சின்னது, அதில் கை வைத்துவிட்டு அதைத் தானம் என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

மேலே சொன்ன ஸ்டோரிவீவர் கதைகள் பொது உரிமத்தில் வருபவை, எழுதியவர் வரைந்தவர் பெயரோடு அச்சிட்டுக் கொடுக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது உரிமையை எல்லோருக்கும் பொதுவாக்கிய நூல்களும் இருக்கின்றன. அச்சிடுவதானால் வண்ணத்தில் அச்சிடுங்கள், ஜெராக்ஸ் கறுப்பில் யானையும் பாறையும் ஒன்றாகத் தெரியும். வண்ண அச்சுச் செலவைக் கணக்குப் போட்டால் பல நேரம் புதுப் புத்தகமே மலிவாக முடியும்.

"சும்மா குடுத்தா மதிப்பு இருக்காதுங்க. அஞ்சு ரூவாயாச்சும் வாங்கோணும்."

இதை ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள், அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-இல் காலை உணவும் வந்தது. காசு வாங்காமல் போட்டதால் அந்தச் சோற்றைப் பிள்ளைகள் மதிக்காமல் போனார்களா? அதைச் சாப்பிட்டுப் படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிலும் பாதிப் பேர்.

அஞ்சு ரூபாய் இல்லாத குழந்தை வரிசையில் நிற்காமல் ஒதுங்கிப் போகும். அந்தக் குழந்தைக்காகத்தான் இத்தனையும். சேமித்து வாங்கும் பழக்கம் நல்லது, மறுக்கவில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் காசு சேர்ப்பது அருமையான ஏற்பாடு. முடிந்த குழந்தைக்கு உண்டியல், முடியாத குழந்தைக்கு இலவசம். இரண்டும் ஒரே ஊரில் இருக்கலாம்.

"குடுத்தத எடைக்குப் போட்டுட்டா? கிழிச்சுப் போட்டா?"

கிழிந்தால் சந்தோஷம். தூசு படிந்த புத்தகம் கிழிவதில்லை. எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றால் கோபித்துக்கொள்ளாதே. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன முடை என்று நமக்குத் தெரியாது. கொடுத்த பிறகு அது அவர்கள் புத்தகம், கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அடுத்த தடவை போகும்போது இன்னொன்று கொடு.

"லைப்ரரில சேத்து உட்டாப் போதாதா?"

சேர்த்து விடுவதுதான் எங்கள் ஆசையும். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பக்கத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், பிள்ளைகளுக்கு வசதி. ஒரு குழந்தை மூன்று நாலு புத்தகம் முடித்ததும், அம்மாவின் சம்மதத்தோடு நூலகத்துக்குக் கூட்டிப்போய் உறுப்பினராக்குகிறோம். வசதி உள்ளவர்கள் 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம்.

ஆனால் இரண்டு மைல் தள்ளி மெயின்ரோட்டைத் தாண்டி இருக்கும் நூலகத்துக்கு ஆறு வயதுக் குழந்தை தானாகப் போகாது. திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தைக் கிழித்துவிடுவான் என்ற பயத்தில் தொடவே விடாத வீடுகளும் உண்டு. அதனால் முதலில் சொந்தமாக ஒரு புத்தகம், பிறகு நூலகம்.

"போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கலாமுங்களா?"

குழந்தையின் முகம் தெரிய எடுக்கக் கூடாது. கையை நீட்டி வாங்குகிற மாதிரி நிற்க வைத்து எடுக்கவே கூடாது. நாளைக்கு அந்தப் பெண் உன் வகுப்புக்கே வந்து உட்காரலாம், அவள் வாங்கின படம் உன் போனில் இருக்கும். புத்தகக் கட்டை எடு, ஒட்டிய கிழிசலை எடு, மலைப்பாதையை எடு.

"ஒருத்தரு அம்பதாயிரம் தர்றேங்கறாரு. ஆனா ஒவ்வொரு புத்தகத்துலயும் அவரு போட்டோ ஸ்டிக்கர் ஒட்டோணுமாம்."

நன்றி சொல்லி மறுத்துவிடுகிறோம். பெரிய தொகைதான், அதில் எத்தனை புத்தகம் வாங்கலாம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் முதல் பக்கம் குழந்தை தன் பெயரைத் தன் கையால் எழுதும் இடம். கட்சி, கம்பெனி, சாதிச் சங்கம், டியூஷன் சென்டர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் தர முடியாது. ரசீது தருகிறோம், வரவு செலவு நோட்டைக் காட்டுகிறோம், விருப்பமானால் கூட வந்து பாய் விரிக்கலாம் என்கிறோம். அப்படி வந்து பார்த்தபின் ஸ்டிக்கரைப் பற்றிப் பேசாமலேயே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

"சர்டிபிகேட் கெடைக்குமுங்களா? வெளிநாட்டுக் காலேஜுக்கு அப்ளை பண்ண வேணும்."

செய்த வேலையை, செய்த மாதங்களை உள்ளபடி எழுதிக் கடிதம் தருவோம். செய்யாததை எழுத மாட்டோம்.

"பள்ளிக்கூடம் போகாம வேலைக்குப் போற பையனப் பாத்தா நாங்க என்னங்க்கா பண்றது?"

நீ நேராகப் போய் முதலாளியிடமோ அப்பாவிடமோ பேசாதே. உனக்கும் ஆபத்து, அந்தப் பையனுக்கும் அன்றைக்கு அடி விழலாம். பார்த்ததைக் கூட வந்த பெரியவரிடம் அன்றைக்கே சொல். குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது, பேசுவது யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஒரு குழந்தை உன்னிடம் ரகசியமாக ஏதாவது சொன்னாலும், யாராவது அடிக்கிறார்கள், தப்பாகத் தொடுகிறார்கள் என்றால், "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொல்.

அந்தப் பையனுக்கும் புத்தகம் கொடு. வேலை முடிந்து வந்தவனுக்கு வாசிக்கத் தெம்பு இருக்காது என்று நீயாக முடிவு செய்யாதே.

"பன்னண்டாவது முடிச்சுட்டு நான் மெட்ராஸ் போயிருவேன். என்ற கொழந்தைகள யாருங்க்கா பாத்துக்குவா?"

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கண் கலங்கிக் கேட்கும் கேள்வி இது. போவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே உனக்கு அடுத்து வரப்போகிறவளைக் கூட்டிப் போ. முதல் இரண்டு தடவை நீ வாசி, அவள் உட்கார்ந்து கேட்கட்டும். அடுத்த இரண்டு தடவை அவள் வாசிக்கட்டும், நீ குழந்தைகளோடு குழந்தையாக உட்கார். கடைசித் தடவை நீ போகாமலிருக்கக் கூடாது. சொல்லாமல் நின்றுபோகும் அக்காவைக் குழந்தைகள் வாசலில் உட்கார்ந்து எதிர்பார்ப்பார்கள்.

நோட்டை அவளிடம் கொடு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம்: கூப்பிடும் பெயர், வீட்டுப் பேச்சு மொழி, எந்தப் படிநிலை, கடைசியாக எடுத்த புத்தகம், எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான். முகவரியோ போன் நம்பரோ அதில் வேண்டாம், நோட்டு பஸ்ஸில் தொலைந்தால் யார் கைக்கும் போகலாம். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வருவாய் என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்துவிட்டுக் குழந்தைகளிடம் அந்த நாளைச் சொல். முடிவு செய்யவில்லை என்றால் வருகிறேன் என்று சொல்லாதே.